நலன்கள் பதிவேடு

செவ்வாய்தோறும் என் மேசைக்கு வருகின்றன
உறுப்பினர்களின் நலன்கள்.
பிழை திருத்துவேன், தேதி பார்ப்பேன்.
இருபத்தாறு வருடமாய்
அவ்வளவுதான் என் வேலை.

மாண்புமிகு பெரிக்ரின் ஹாஸ்லம்:
குடிநீர் நிறுவனமொன்றுக்கு ஆலோசனை.
மாதம் ஆறு மணி நேரம்.
ஆண்டுக்கு நாற்பத்தெட்டாயிரம் பவுண்ட்.
குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு சீட்டு,
மதிய உணவும் ஷாம்பெய்னும் சேர்த்து.
ஷாம்பெய்னைத் தப்பாக எழுதியிருந்தார்.
திருத்தினேன்.

அதே நிறுவனத்தின் தலைவருக்கு
இவ்வருட ஊக்கத்தொகை பன்னிரண்டு லட்சம்.
எதற்கு ஊக்கம் என்று அறிக்கையில் இல்லை.
ரெட்கார் கடற்கரையில்
மே மாதம் ஏற்றிய சிவப்புக் கொடி
இன்னும் இறங்கவில்லை.
சாக்கடை கலந்த அலையைத்
தன் நாய்கூட முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்கிறான்
அங்கே இருக்கும் என் அண்ணன் கிளெம்.

உருக்காலையில் முப்பது வருடம்.
நுரையீரலில் பாதி அங்கேயே தங்கிவிட்டது.
உதவித்தொகைக்கு அவன் நிரப்பிய படிவம்
நாற்பத்தொரு பக்கம்.
துணையின்றி எத்தனை மீட்டர் நடப்பீர்கள்?
கழிப்பறைக்கு எத்தனை முறை?
உள்ளே யாராவது கூட வர வேண்டுமா?

ஹாஸ்லமின் படிவம் ஒரு பக்கம்.
அதிலும் பாதி காலி.

போனில் பதினோரு நிமிடம் பேசினாள் மதிப்பீட்டாளர்.
நாய் வளர்க்கிறீர்களா?
ஆமாம் என்றான், கொஞ்சம் பெருமையாகவே.
அப்படியென்றால் நடக்கிறீர்கள்
என்று குறித்துக்கொண்டாள்.
நாயைக் கூட்டிப்போவது பக்கத்து வீட்டு வெண்டி
என்று சொல்லி முடிக்க
அவனுக்கு மூச்சு போதவில்லை.
மதிப்பெண் பூஜ்யம்.

புதன் இரவு வாக்கெடுப்பு.
குளிர்கால எரிபொருள் உதவி
யார் யாருக்கு இனி இல்லை என்பது பற்றி.
கடினமான முடிவுகளை
எடுத்தே தீரவேண்டும் என்றார் ஹாஸ்லம்.
எடுத்தார்.
பிறகு ஒரு டாக்ஸி எடுத்தார்.

நலன் என்றால் அவருக்கு வருவது.
நலம் என்றால் இவனிடமிருந்து போனது.
நடுவே வித்தியாசம்
ஒரே ஒரு மெய்.
அந்த மெய்
கோட்டைக் கழற்றாமல், இரண்டு காலுறை மாட்டி,
நாயின் சூட்டில்
சோபாவில் சுருண்டு கிடக்கிறது.

போன் செய்தால் நலம்தான் என்கிறான்.
அந்த ஒரு சொல்லுக்கே
இரண்டு முறை நிறுத்துகிறான்.

எழுத்தர்களுக்கும் உண்டு ஒரு படிவம், வருடக் கடைசியில்:
இந்தப் பதிவேட்டில் உள்ள எதனோடும்
உங்களுக்குச் சொந்த நலன் ஏதேனும் உண்டா?
இருபத்தைந்து தடவை
இல்லை என்றே எழுதியிருக்கிறேன்.

இம்முறை எழுதினேன்:
உண்டு.
கிளெம் தாக்கரே, ரெட்கார், உடன்பிறப்பு.
மின்மீட்டரில் மீதி ஒரு பவுண்ட் நாற்பது.

மறுநாள் திரும்பி வந்தது.
மேலதிகாரி பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
இது நலன் ஆகாது.

தேதிக்கு மட்டும்
சரி என்று டிக் போட்டிருந்தார்.