ஈரத் துணியின் எடை

காம்பியா ஆற்றின் தென்கரை. ஆகஸ்ட்.
தகரக் கூரையில் மழை
பேச்சையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது.

நேற்றிரவு பிறந்தவனைத்
துணித்தூளியில் வைத்துக் கொக்கியில் மாட்டினேன்.
முள் நடுங்கி, யோசித்து, நின்றது.
இரண்டரை கிலோ.

நியாலிங், உன் மூத்தவளையும்
இதே கொக்கியில் நிறுத்தவள் நான்தான்.
அது ஜனவரி. வீட்டில் நிலக்கடலை
மூட்டை மேல் மூட்டை. சட்டியில் தினமும் மீன்.
உன் கழுத்தெலும்பை நான் பார்த்திராத காலம்.
மூன்று கிலோ இருநூறு என்றதும்
"கை வலிக்கிறது, என்ன கனம்" என்று
பெருமையை அலுப்பாக்கிச் சொன்னாய்.

அதே தாய். அதே தகப்பன்.

கடலையை ஏப்ரலில் விற்றாயிற்று.
விதைக்கென்று ஒதுக்கியதை
ஜூனில் வறுத்துத் தின்றாயிற்று.
ஜூலையில் ஒருவேளைக் கஞ்சி,
அதிலும் ஃபாபகரிக்கு ஒரு கரண்டி கூடுதல்.
அவன் கேட்கவில்லை, நீதான் ஊற்றினாய்.
பிறகு முழங்கால் சேற்றில்
எட்டு மாத வயிற்றை மடித்து நாற்று நட்டாய்.
நாற்று மட்டும்
பச்சைப் பசேலென்று நின்றது.

துணி நனைந்திருப்பதை
அப்போதுதான் கவனித்தேன்.
காய்ந்த துணி மாற்றி மறுபடி மாட்டினேன்.
இரண்டு கிலோ முந்நூற்றைம்பது.

"ஈரத்தோடேயே எழுதிவிடு, ஹாடி.
இரண்டரைக்குக் கீழே என்றால்
படகேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்பாய்.
களை யார் எடுப்பது?
களை எடுக்காமல் நவம்பரில் எதைத் தின்பது?"

பதில் இல்லாததால்
பெரியவர்கள் நிறுக்கும் தராசில் உன்னை ஏறச் சொன்னேன்.
"காலெல்லாம் சேறு, கழுவிவிட்டு வரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
சேற்றையும் சேர்த்து நாற்பத்தாறு.
போன முறை அட்டையில் ஐம்பத்தேழு.

பதிவேட்டில் தேதிக்குக் கட்டம் உண்டு,
ஆணா பெண்ணா என்பதற்கு உண்டு, எடைக்கு உண்டு.
எந்த மாதம் எந்தக் கரண்டி
யார் தட்டுக்குப் போனது என்பதற்கு இல்லை.
முந்நூற்றைம்பது என்றே எழுதினேன்.
நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

படகுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
என் மதியச் சோற்றைத் திறந்து உன் முன்னால் வைத்தேன்.
சோற்றைத் தொட்டாய்.
மீன் துண்டை மட்டும்
முந்தானை போலக் கட்டியிருந்த துணியின் நுனியில்
முடியப் பார்த்தாய்,
மூத்தவளுக்கு.

"நீ தின்னு" என்றேன்.
கத்திவிட்டேன் போலிருக்கிறது.
மழையையும் மீறிக் கேட்டு விழித்தவன்
வாயைத் திறந்து
உன் பக்கமாகத் தலையைத் திருப்பினான்.