ஒரே யன்னல்

உறுதியில் இப்படித்தான் இருந்தது:
ஒரு பரப்பு நாலு குழி நிலம்,
அதிலுள்ள கல்வீடு,
வடகிழக்கு மூலைப் பங்குக் கிணற்றில்
நாலிலொரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை.
தண்டவாளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தண்டவாளம் இருந்தபடியால்தான்
கொக்குவில் எங்களுக்குக் கட்டுப்படியானது.
ஒஸ்லோவிலிருந்து சொந்தக்காரி
முப்பத்திநாலு லட்சம் என்றா.
றெயில் வந்தது.
நான் ஒன்றும் பேசாமல் போனை மதிலுக்கு மேலே
தூக்கிப் பிடித்தேன்,
கடைசிப் பெட்டி போய் முடியும்வரை.
முப்பத்தொன்று என்றா.

பிலேந்திரனுக்குக் குருநகர் ஐஸ் கொம்பனியில் இரவு வேலை.
விடிய ஆறரைக்கு வருவார்,
விரல் நுனிகள் வெளிறி, சேட்டில் மீன்பெட்டி மணத்தோடு.
அவருக்கு வீடு என்றால்
பகலில் கொஞ்சம் இருட்டு.
எனக்குத் தையல்.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதைக் காண
வெளிச்சம் வேணும்.
வாடகை அறையில் பதினொரு வருசம்
நான் திரையை விலக்க அவர் முழிப்பார்,
அவர் இழுத்து மூட நான் விரலில் குத்திக்கொள்வேன்.

வாங்கின வீடோ
எங்களுக்கு நேர்மாறாய்க் கட்டியிருந்தது.
படுக்கும் அறையில் கிழக்கே பார்த்த பெரிய யன்னல்.
முன்னறையில் வடக்கே வெறும் சுவர்,
யாரோ அடித்த ஆணி, ஆணிக்குக் கீழே
ஒரு கலண்டரின் வெளிறாத சதுரம்.

மேசன் தவபாலன் கொப்பியில் எழுதினார்:
நிலை, கதவு, கண்ணாடி, கம்பி, கூலி.
கீழே கோடு இழுத்துத் தொகையைப் போட்டு
அதைக் கையால் மறைத்தபடி
தேத்தண்ணி கேட்டார்.

வங்கி தந்தது நிலத்துக்குப் போனது.
சீட்டைக் கழிவுக்கு எடுத்தது நொத்தாரிசுக்கும் முத்திரைக்கும்.
காப்பு இரண்டும் அடகில்.
மிச்சம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம்,
அதற்குள்ளே கக்கூஸ் கூரை, வயரிங்,
குரங்கு உடைத்த ஓடு நாற்பது.

புதுசு வேண்டாம், என்றேன்.
இந்த யன்னலைக் கழற்றி அங்கே வையுங்கோ.
அங்கே உடைக்கிற கல்லால் இதை அடையுங்கோ.
"அக்கா, யன்னல் என்ன கதிரையே
தூக்கி மாற்றி வைக்க?"
சிரித்துக்கொண்டே அளந்தார்.
பென்சிலைக் காதில் செருகினார்.
சிரிக்காமல் இன்னொருக்கா அளந்தார்.

இரண்டு நாள் வீடு
இரண்டு பக்கமும் வாய் திறந்து நின்றது.
யன்னல் முற்றத்துத் தேசிமரத்தில் சாய்ந்திருந்தது,
கம்பிகளுக்குப் பின்னே காயோடு ஒரு கிளை.
பிலேந்திரன் குசினி மேசைக்குக் கீழே
பாய் போட்டுப் படுத்தார்.

சாந்து குழைக்கத் தண்ணி நான்தான் அள்ளினேன்.
கிணற்றடியில் பக்கத்து வீட்டம்மா
எந்த இடத்து ஆக்கள் என்று கேட்டா.
குருநகர் என்றேன்.
தன் வாளியைச் சற்றே தன் பக்கம் இழுத்தா.
நாலிலொன்று எந்தப் பக்கம் என்று
உறுதியில் எழுதவில்லை.
நான் நடுவில் அள்ளினேன்.

இப்ப வடக்கு வெளிச்சம்
வெயில் இல்லாமல் மெசினில் வந்து விழுகிறது.
சீருடை, சாறிச் சட்டை,
ஒரு சவ வீட்டுக்கு அவசரமாய் ஒரு கறுப்புப் பாவாடை.
பத்தரை றெயிலுக்குப் பொத்தான் டப்பா நடுங்கும்.
உள்ளே இருட்டில் அவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார்,
ஐஸ் அரைக்கிற மெசினுக்குப் பக்கத்தில்
தேத்தண்ணி குடிக்கிற மனிசன்.

ஞாயிறு இரவு மட்டும் வேலை இல்லை,
நித்திரையும் இல்லை.
பூசாமல் விட்ட அந்தச் சதுரத்தை,
முன்பு யன்னல் இருந்த இடத்தை,
லைற்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
கல்லும் சாந்தும் வரிவரியாய்.

என்ன தெரியுது, என்றேன்.

அரைப் பக்கற் சீமெந்து காணும், என்றார்.