மூன்று வெள்ளிக்கு ஒரு தீவு

சௌராஸ்தா சந்தையின் மாடியில்
மீன்வாடை ஏறிவரும் படிக்கட்டுக்கு இடப்பக்கம்
சிக்கந்தரின் பழைய புத்தகக் கடை.
இரவுப்பணி முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை
அங்கேதான் கலிம்னோஸை வாங்கினேன்.
ரப்பர் பட்டை போட்ட மூன்று புத்தகங்கள், மூன்று வெள்ளி.
"கிரேக்கத் தீவுக்கெல்லாம் யாரும்மா போறாங்க, எடுத்துக்க."
நானும் போகப் போவதில்லை.
என் கடவுச்சீட்டு காலாவதியாகி நாலு வருஷம்.

முதல் புத்தகம் கடற்கரைகளுக்கு நட்சத்திரம் போடுகிறது.
மக்கள் விருந்தோம்பல் மிக்கவர்கள்.
சன்னல்கள் நீலம்.

இரண்டாவதை எழுதியவர்
அங்கே இரண்டு குளிர்காலம் குடியிருந்தவர்.
கடற்பஞ்சுக்காக மூழ்கியவர்களைச் சொல்கிறார்:
ஆழத்திலிருந்து அவசரமாய் மேலேறி
கால் விளங்காமல் கரைசேர்ந்தவர்கள்.
அவர்களுக்கென்று ஒரு நடனம் இருக்கிறதாம்.
வரிசையின் தலையில் ஆடுகிறவன்
சட்டென்று தடியை ஊன்றுவான்,
தொடை வெடவெடக்கும், விழப்போவான்,
பக்கத்தில் இருப்பவன் தோளைக் கொடுப்பான்.
பார்ப்பவர் யாரும் சிரிப்பதில்லை.

இயன்மருத்துவப் பிரிவில் எனக்குப் பதினோராவது வருஷம்.
நடுங்கும் தொடைகள்தான் என் சோறு.
இணைகம்பியைப் பிடித்துத் தள்ளாடியபடி
லாரி ஓட்டுநர் குணாளன் ஒருமுறை கேட்டார்,
"மிஸ், டான்ஸ் மாதிரி இருக்கா?"
இல்லை, ஒழுங்காக நடங்கள் என்றேன்.
அந்தப் பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகினேன்.
கொம்தார் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது.

மூன்றாவது, அட்டை கிழிந்த சமையல் புத்தகம்.
முன்பு வைத்திருந்த யாரோ
ஓரமெல்லாம் பென்சிலால் நிரப்பியிருக்கிறார்கள்.
பாலாடைக்கட்டியை இரண்டுமுறை புகழாதே,
முழுசையும் கட்டிக் கொடுத்துவிடுவாள்.
மூன்று மணிக்கு எந்தக் கதவையும் தட்டாதே.
கலியோப்பியிடம் அந்தப் படகைப் பற்றிக் கேட்காதே.

எந்தப் படகு?
பக்கத்தைப் புரட்டினால் கத்தரிக்காய்.
முன்னும் பின்னும் தேடினேன், கலியோப்பி மறுபடி வரவேயில்லை.
ஆனால் அந்தத் தீவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது
அவளை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுவாரம் சிக்கந்தரிடம்
பினாங்கைப் பற்றிய கையேடு இருக்கிறதா என்றேன்.
"உள்ளூர்க்காரிக்கு எதுக்கு?"
இருநூறு பக்கத் தீவில்
நாங்கள் ஒன்றரைப் பக்கம் இருந்தோம்.
வாழையிலை, மல்லிகைச் சரம், பட்டுக்கடை,
வண்ணமயமான சமூகம்.
பொய்யில்லை.
சன்னல்கள் நீலம் என்பது போல.

வீட்டுக்கு வந்து பென்சில் சீவினேன்.

தைப்பூசப் படத்தின் கீழே:
மறுநாள் விடிகாலை வந்து பார்.
உடைத்த தேங்காயை மண்வாரியால் அள்ளுகிறவர்கள்
முதல்நாள் கூட்டத்தில் இல்லாதவர்கள்.
உணவகப் பட்டியலின் ஓரத்தில்:
பசியாறிட்டியா என்று கேட்டால் அது வணக்கம்.
இரண்டாம் முறை கேட்டால் உட்கார்ந்துவிடு.
படகுத்துறை வரைபடத்தில்:
பட்டர்வொர்த்திலிருந்து வரும் கடைசி ஃபெர்ரியில்
தனியாக நிற்பவர்களிடம் படமெடுக்கக் கேட்காதே,
பாதிப்பேர் மருத்துவமனைக்கு வருகிறவர்கள்.
பாலத்தின் படத்தில், சின்ன எழுத்தில்:
கனகவல்லியிடம் இதைப் பற்றிப் பேசாதே.

அவள் யார் என்று எழுதவில்லை.
அந்தளவுக்கு நமக்குள் பழக்கமில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
சிக்கந்தர் விசிறிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கினார்,
பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு அட்டையில் ஐந்தை அடித்துவிட்டு
இரண்டு வெள்ளி என்று எழுதினார்.
"கிறுக்கின புத்தகம்மா."