நின்ற பிறகும்

ஹார்ம் கடையில் நாற்பது சைக்கிள்கள்,
எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து.
"எத்தனை கியர் வேண்டும்?"
க்ரோனிங்கனில் மேடு என்றால்
கால்வாய்ப் பாலங்கள்தான். மீதியெல்லாம் காற்று.
அதற்கு எத்தனை பல்சக்கரம் போட்டாலும்
மெல்லாமல் விழுங்கிவிடும்.
மூன்று போதும் என்றேன்.

முதலில் காட்டியது அலுமினியம்.
இரண்டு விரலில் தூக்கலாம்.
தூக்கிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.
ஆனால் நான் சைக்கிளைத் தூக்குவதில்லை ஹார்ம்,
அதுதான் என்னைத் தூக்குகிறது,
என்னோடு என் பையையும்:
தராசு, கையுறை, கத்தரி, சின்ன ஆக்சிஜன் உருளை.
முன்கேரியர் ஹேண்டில்பாரில் தொங்கினால்
ஒவ்வொரு முனையிலும் பை வழி சொல்லும்.
சட்டத்தில் இறுக்கியது வேண்டும்.

அடுத்தது பச்சை. ரிம்மைக் கவ்வும் ரப்பர் பிரேக்.
நவம்பர் மழையில் அதை நில் என்றால்
கொஞ்சம் யோசிக்கும்.
பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிறதே, அது கொடு.
ஒரு கையில் போன் இருக்கும்,
"வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம்?"
அபராதம் உண்டு, தெரியும்.

செயினுக்கு முழு மூடி.
போன மார்ச்சில் செயின் என் கோட்டைத் தின்றது.
மிச்சக் கோட்டோடு போய்
ஒரு பெண்குழந்தையைக் கையில் வாங்கினேன்.
அதன் அப்பா யப்பே
இன்றுவரை என்னை அரைக்கோட்டு என்றே கூப்பிடுகிறார்.

கடைசியில், பின்னறையிலிருந்து,
எவரோ தூரிகையால் சாம்பல் அடித்த ஒன்று.
எருமை கனம்.
"அழகில்லை, அதனால் திருடுபோகாது" என்றார்.
சீட்டை ஏற்றி உட்கார்ந்தேன்.
குதிகால் பெடலில் பட, முழங்கால் நேரானது.

விளக்கு?
முன்சக்கரத்தைக் கையால் சுழற்றினார்.
அச்சிலேயே டைனமோ. எரிந்தது.
சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.
எரிந்துகொண்டே இருந்தது.
"நின்ற பிறகும் நாலு நிமிஷம் எரியும்,
சிக்னலில் பின்னால் வருகிறவன் இடிக்காமலிருக்க."

நான் சிக்னலை நினைக்கவில்லை.

இரவு மூன்று மணி. புதுக் குடியிருப்பு.
எல்லாக் கதவும் ஒரே நீலம்.
எண் நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா?
நிற்கிறேன். விளக்கு நிற்கவில்லை.
சுவரைத் தடவி எண்ணைக் கண்டுபிடிக்கிறது.
மணி அடிக்கிறேன்.
செங்குத்துப் படியில்
வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கிவருகின்றன.

அது அணையும்போது
நான் உள்ளே
கை கழுவிக்கொண்டிருப்பேன்.

இருநூற்றெண்பது யூரோ சொன்னார்.
பேரம் பேச மறந்துவிட்டேன்.