மணற்குழிப் பொறுப்பு

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி.
கோர் நகரத்துத் திடலில் இன்னும் மதிய வெயில்.
தெற்கிலிருந்து வரும் காற்றிடம் மட்டும்
இது டிசம்பர் என்று யாரும் சொல்லவில்லை.

பால் டாங்கர் ஓட்டுகிறவன் நான்.
பன்னிரண்டு மணி நேரம் பேச ஆளில்லாமல்
சேர்த்துவைத்த குரலையெல்லாம்
வேலிக்கம்பியில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு
போன வாரம் வரை கிர்ஸ்டியின் மேல் கொட்டினேன்.
‘முழங்காலைத் தூக்கு.’ ‘கையை வீசு.’
‘திரும்பிப் பார்க்காதே, திரும்பிப் பார்க்காதே!’
அவள் திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.
ஆறாவது எட்டில், ஒவ்வொரு முறையும்.

வைமரி கவனித்திருக்கிறாள்.
சங்கத்துச் செயலாளர். இடுப்பில் கைக்குழந்தை, காதில் பென்சில்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பட்டியலில் என் பெயருக்கு நேரே
‘நீளம் தாண்டுதல், மணற்குழி’ என்று எழுதி
மணல்வாரியைக் கையில் கொடுத்தாள்.
“குழியில் நிற்பவர் யாருக்கும் குரல் கொடுக்கக் கூடாது.
கொடுத்தால் எல்லாருக்கும். அதுதான் விதி.”
அப்படியொரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லையென்று
பிறகுதான் தெரிந்தது.

முதலில் ரென்சோ, ஏழு வயது.
அவன் அம்மா பண்ணையில் மாலைக் கறவையில் இருக்கிறாள்.
வேலியில் அவனுக்கென்று ஒரு முகமில்லை.
ஓடி வந்தான். பலகை வந்ததும் நின்றான்.
யோசித்தான்.
நின்ற இடத்திலிருந்தே தாண்டினான்.
ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர்.
நாடாவை இழுத்துப் பிடித்து உரக்கப் படித்தேன்.
எனக்குக் காது கேட்காதோ என்பதுபோல்
அவன் அதை எனக்கே திருப்பிச் சொன்னான்.

பிறகு வார வேண்டும்.
இரண்டு குதிகால், ஒரு உள்ளங்கை,
சிலருக்கு உட்கார்ந்த இடத்தின் முழுப் பள்ளம்.
அடுத்து வருகிற பிள்ளைக்கு
யாருமே தாண்டியிராத மணலாக அது இருக்க வேண்டும்.
முப்பத்தொரு பிள்ளைகள், மும்மூன்று தாண்டல்.
ஆனிக்கா ஒவ்வொரு முறையும் விழுந்ததும்
மணலில் பல்லைத் தேடினாள்.
பல் விழுந்தது போன வாரம், வேறு ஊரில்.
வாரிக்கொண்டே இருக்கிறவனுக்குக் கத்த வராது.
இதைக் கண்டுபிடித்தது என் முதுகு.

கிர்ஸ்டியின் முறை.
பழக்கத்தில் வேலியைப் பார்த்தாள்.
நான் நிற்கிற இடத்தில் காற்று நின்றுகொண்டிருந்தது.
கண்ணால் துழாவி
கடைசியில் எதிரே, குழியோரம் கண்டுபிடித்தாள்.
இத்தனை நாளில் முதன்முறையாக
என்னை நோக்கி ஓடி வருகிறாள்.
‘முழங்கால்’ என்ற சொல் பல்வரைக்கும் வந்துவிட்டது.
மணலோடு சேர்த்து விழுங்கினேன்.

தாண்டினாள். அப்பா, என்ன தாண்டல்!
குழியின் அந்தப் பாதியை இன்று யாரும் தொட்டதில்லை.
வைமரி குனிந்து பார்த்தாள்,
சிவப்புக் கொடியை எடுத்தாள்.
கால் விரல் பலகையைக் கடந்திருக்கிறது, அரை அங்குலம்.
கிர்ஸ்டி என் முகத்தைப் பார்த்தாள்.
என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு மணல்வாரி.
அளக்காத தடம், கணக்கில் வராத தடம்.
அதை வாருவதற்கு மட்டும்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது: இரண்டு மீட்டர் அறுபத்தொன்று.
ரென்சோவுக்குப் படித்த அதே குரலில் படித்தேன்.
அதே குரல்தான் என்று நினைக்கிறேன்.

கறவை முடிந்து முழங்கால் பூட்ஸோடு
ரென்சோவின் அம்மா வந்தாள்.
அவன் எண்ணைச் சொல்லிக்கொண்டே ஓடினான்.
“அது நல்ல தூரமா?” என்று என்னைக் கேட்டாள்.
போன வாரம் கேட்டிருந்தால் பதில் வைத்திருப்பேன்.
“பலகை வரைக்கும் வந்து நின்று யோசித்தான்,” என்றேன்.
“அவங்க அப்பா மாதிரி,” என்று சிரித்தாள்.

வழக்கமாக மட்டௌரா ஆற்றுப் பாலத்தில் ஆரம்பித்து
வீட்டு வாசல் வரை அவள் ஓட்டத்தை
எலும்பு எலும்பாகப் பிரித்துப் போடுவேன்.
இன்று பாலம் தாண்டியாயிற்று.
கிர்ஸ்டி ரொட்டியில் சுருட்டிய சாசேஜைத் தின்கிறாள்.
காலுறையைக் கழற்றி என் பக்கம் உதறுகிறாள்.
“வாரி கனமா அப்பா?”
“பழகிவிடும்.”
“அடுத்த வாரமும் குழியா?”
“பட்டியலில் எழுதியாயிற்று,” என்றேன்.
கிளம்பும்போது
வைமரியின் பென்சிலைக் கேட்டு வாங்கி
எழுதியது நான்தான்.