வந்த காரணம்

காந்தி ரோட்டில் எங்கள் லாட்ஜுக்கு
மூன்று மொழியில் பெயர்ப்பலகை.
நடுவில் இருப்பது வங்காளம்.
எட்டு வருஷமாக அதன் கீழே உட்கார்ந்தும்
ஓரெழுத்து தெரியாது எனக்கு.

நிர்மலேந்து சாஹா, ஆசிரியர், மால்டா மாவட்டம்.
தம்பியோடு வந்தார். பதினேழு நாள்.
தனியாகக் கையெழுத்துப் போட்டு
207-ஐக் காலி செய்தார்.
தலையணைக்கடியில் இந்தப் புத்தகம்.
கூரியரில் அனுப்பலாமென்று போன் போட்டேன்.
எண் உபயோகத்தில் இல்லை.

ஆங்கிலம். அட்டை போய்விட்டது.
கதை இல்லை, ஆள் இல்லை,
மழை வெயில்கூட இல்லை.
ஜியோமெட்ரி நோட்டு மாதிரி
வரையறை, தேற்றம், நிறுவல்.
வட்டத்தையும் முக்கோணத்தையும்தான் காணோம்.
நிறுவ வேண்டியது: கடவுள்.
அடுத்து மனம்.
அப்புறம் அழுகை.

ஊரீசில் பி.எஸ்ஸி. கணக்கு,
இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியவன் நான்.
இரவு ஷிப்டில் ஒரு பக்கம்.
சில இரவுகளில் ஒரே வரி.

தொடக்கத்திலேயே சப்ஸ்டன்ஸ்.
அகராதி சொன்னது: பொருள்.
தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
என்ன செய்வது, சொல்லுங்கள்.
பொருள் என்றால் சாமான்.
பொருள் என்றால் அர்த்தம்.
பொருள் என்றால் பணம்.
வேறெதையும் நம்பாமல்
தானே இருக்கும் பொருளாம்.
பணமென்று வைத்துப் படித்தேன், சிரிப்பு வந்தது.
எங்கள் வாடகைப் பாக்கி நோட்டைப் பார்த்திருந்தால்
எழுதியவரே அதை அடித்திருப்பார்.
வளையலை அடகு வைத்துவிட்டு
104-காரம்மா வெறுங்கையோடு திரும்பிய அன்று
அர்த்தமென்று வைத்துப் படித்தேன்.
அதுவும் நிற்கவில்லை.

எங்கள் ஊருக்கும் தேற்றங்கள் உண்டு.
சாமியில்லாத கோயில், ராஜாவில்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு.
பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம்,
நிறுவல் கேட்டவன் இல்லை.
சாமி திரும்பி வந்தது நான் பிறக்குமுன்னே.
பாலாறோ ஒரு நவம்பரில்
தரைப்பாலங்களுக்கு மேலே ஏறிப் போனது.
ராஜா மட்டும் பாக்கி.
இன்றைக்கும் அப்படியேதான் ஒப்பிக்கிறோம்.

சாஹா ஸ்கேல் வைத்துப் பென்சிலால்
கோடிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.
அறுபத்து மூன்றாம் பக்கத்தில் கோடு நின்றுவிட்டது.
ஓரத்தில், வங்காளத்தில், ஏதோ எழுதியிருந்தது.
பக்கத்தில் அச்சில்:
நடந்தது எதுவும் வேறுமாதிரி
நடந்திருக்க முடியாது என்று.

நாற்பது இரவு அந்தப் பென்சிலோடு மல்லுக்கு நின்றேன்.
மறுப்பு என்றே நினைத்தேன்.
அவ்வளவு அழுத்தம்;
தாளின் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரியும்.
ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் மனுஷர்.
அது தெரியாமல் அறுபத்து நான்குக்குப் போவது
ஒரு ஸ்டெப்பை விழுங்கிவிட்டு விடை எழுதுவது.

நேற்று 112 மௌசுமியிடம் நீட்டினேன்.
இட்லிக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு படித்தாள்.
எனக்குப் புரிகிற இந்தியில் சொன்னாள்:
'பிளேட்லெட் நாலு யூனிட்.
வியாழன் காலைக்குள். ஆள் பிடிக்கணும்.'
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
அவர் காலி செய்தது புதன்.

மறுபடி அந்தத் தேற்றத்துக்கு வந்தேன்.
நிறுவலில் பிழையில்லை.
இரண்டு தரம் சரிபார்த்தேன்.
கோபம் வந்தது.
யார்மேல் என்று தெரியாத கோபத்துக்கும்
பின்னால் ஒரு வரையறை இருக்கக்கூடும்.
இன்னும் அங்கே போகவில்லை.

மணி நாலரை. காட்பாடியில்
ஹவுரா வண்டி வந்திருக்கும்.
வாசலில் ஆட்டோ.
இரண்டு பேர், ஒரு பெட்டி, ஒரு எக்ஸ்ரே கவர்.
பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதியவர்
'வந்த காரணம்' என்ற கட்டத்தில்
பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
எல்லோரும் எழுதும் அந்த ஒரே சொல்லை
எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். 207.
ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும் என்றேன்.