அறை எண் பதினான்கு

நெற்றிக்குள் ஓர் ஈரத்துணியை
யாரோ மடித்து வைத்துவிட்டு
எடுக்க மறந்துபோனார்கள்.
எட்டு வருஷம் ஆகிறது.

குனிந்து சாவி எடுத்தால்
தலைக்குள் இருப்பதெல்லாம் சரிந்து
கன்ன எலும்பில் வந்து இடிக்கும்.
கத்திரி வெயிலிலும் ஜலதோஷக்காரன்.
வேலூரில் இதைச் சொன்னால்
சிரிக்கிறார்கள்.

என் வேலைக்கு அதைச் சொல்லவும் கூடாது.
பாபு ராவ் தெருவில் லாட்ஜ் மேனேஜர்.
ஈரலைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும்
ஒரு கைக்குழந்தையின் இதயத்திலுள்ள ஓட்டையைப் பற்றியும்
இந்தியில் பாதி, வங்காளத்தில் பாதி சொல்லி
அட்வான்ஸ் கட்டுகிறவர்களிடம்
எனக்கு மூக்கடைப்பு என்றா சொல்வது?
ரசீது எழுதிக்கொண்டே
உறிஞ்சிக்கொள்வேன்.

போன தையில் மாத்திரைகளை நிறுத்தினேன்.
பிறகு கஸ்தூரியின் ராஜ்ஜியம்.
பெயரைப் பாருங்கள்.
அவள் மேல் என்ன வாசனை என்பதே
எனக்கு மறந்துவிட்டது.

மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு
நாசிக்கு ஓர் இழுப்பு என்றாள்.
கண்தான் திறந்தது.
ராத்திரிதோறும் சுக்கை உரசி
நெற்றியில் பற்றுப் போட்டாள்.
அது காய்ந்து இறுகும்போது
யாரோ என்னைத் தபாலில் அனுப்ப
ஒட்டி வைத்ததுபோல் படுத்திருப்பேன்.

சத்துவாச்சாரி யோகா மாஸ்டர்
கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை
வலது துளையில் ஊற்றினால்
இடதில் வரும் என்றார்.
ஊற்றினேன்.
இருவரும் காத்திருந்தோம்.
பாலாற்றில் விட்ட தண்ணீர் மாதிரி
எங்கே போனதென்று தெரியவில்லை.

அரசனில்லாத கோட்டை, மரமில்லாத மலை,
சாமியில்லாத கோயில் என்பார்கள் எங்கள் ஊரை.
சாமியையாவது எண்பத்தொன்றில்
கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

கடைசியில் நொச்சி.
தண்ணீர் கேன் போடும் ரியாஸ்
விருதம்பட்டு ஆற்றோரம் ஒடித்து வருவான்.
காலி அறையில் லாட்ஜ் போர்வையைப் போர்த்தி
குண்டான்மேல் கவிழ்ந்திருப்பேன்.
ஒரு மாதம்.

வியாழக்கிழமை மதியம்
வலது கண்ணுக்குப் பின்னால்
துருப்பிடித்த ஷட்டர் ஒன்று
ஒரு முழம் ஏறியது.

முதலில் பினாயில்.
அப்புறம் லெட்ஜரின் பூஞ்சை.
அதற்கும் அடியில் கடுகெண்ணெய்,
கடுகெண்ணெயில் மீன்.
மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அறையில் மீன் சமைக்கக் கூடாது:
மூன்று மொழியில் போர்டு.
முதலாளி வஜ்ஜிரவேலுவுக்கு இருப்பது
அந்த ஒரே கொள்கை.
எட்டு வருஷமாக அதைக் காத்துவந்தது
எதுவும் தெரியாத என் மூக்கு.
திரும்பி வந்ததும்
அதற்கு முதல் வேலை, வேவு.

படியேறினேன்.
ஈர லுங்கி, கொசுவர்த்தி, டெட்டால்,
யாரோ உரித்த ஆரஞ்சு.
பதினான்காம் எண் கதவு
பாதி திறந்திருந்தது.

பதினோரு நாளாக எதுவும் இறங்காத நிகில்
சுவரில் சாய்ந்து வாய் திறந்திருந்தான்.
ஷ்யாமளி
விரல் நுனியால் முள்ளெடுத்து
சோற்றில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.
ஸ்டவ்வின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது.
என்னைப் பார்த்ததும்
கை அந்தரத்தில் நின்றது.

என் மூக்கைத் தொட்டுக் காட்டி
கையை விரித்தேன்.
ஒன்றும் தெரியாது.
நிகில் மென்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம் வஜ்ஜிரவேலு வந்து
"மீன் வாடை வரல?" என்றார்.
"என்னையா கேக்கறீங்க சார்?"
பலமாக ஓர் உறிஞ்சல்.
"உன்ன வேலைக்கு வச்சேன் பாரு" என்று
தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இடது ஏற்கெனவே மூடத் தொடங்கியிருந்தது.
கொணவட்டத்துக்கு ஷேர் ஆட்டோவில்
மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்தேன்.
அகழியின் பாசி.
பக்கத்து ஆளின் பீடி.
சீக்கிரம் போப்பா, சீக்கிரம்.

கஸ்தூரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
பின்னால் போய்க் கழுத்தில் முகம் வைத்தேன்.
"என்னாச்சு, காய்ச்சலா?" என்றாள்.

சுக்கு.
கழுத்தெல்லாம், கையெல்லாம்,
எனக்காக உரசிய சுக்கு.

ஐந்து நிமிஷம் இருந்திருக்கும்.
அப்புறம் அடைத்துக்கொண்டது.

ரியாஸிடம் சொல்லியிருக்கிறேன்,
நாளைக்கு இரண்டு கட்டாகக் கொண்டுவர.